லென்ஸ் பொருத்தப்படவில்லை

ஜனவரி 5, ஞாயிறு

உரக்கடை கொடுத்த டைரி இது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு பூச்சிமருந்தின் பெயர். எனக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. கடைக்காரர் மகள் என் வேனில் பள்ளிக்கூடம் போவதால் வந்த மரியாதை.

பத்தாம் வகுப்பைக்கூட இரண்டு தவணையாகப் பாஸ் பண்ணியவன் டைரி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் என் மகள் தாரணி. கோயம்புத்தூரில் விளம்பரக் கம்பெனி ஒன்றில் வீடியோ எடுக்கிறாள். தனக்குப் புதுக் கேமரா வந்ததும் பழைய மிரர்லெஸ் கேமராவை என்னிடம் தள்ளிவிட்டாள். அவளுக்குத்தான் அது பழசு. எனக்கு அதைத் தொடவே இரண்டு நாள் பயம். ஒரே குறை, லென்ஸ் கிடையாது. அதற்கு ஏற்ற லென்ஸ் விலையில் வேனுக்கு நாலு டயரும் போட்டு மிச்சத்தில் பழனி போய் வரலாம்.

யூடியூப் கைகொடுத்தது. அந்தக் காலத்து ஃபிலிம் கேமரா லென்ஸை ஒரு வளையம் வைத்து இந்தக் கேமராவில் மாட்டலாமாம். ஈரோட்டில் மொபைல் கவர் கடை வைத்திருக்கும் இர்ஃபான் தம்பி பழைய லென்ஸும் விற்கிறார். அவரிடம் ரஷ்ய லென்ஸ் ஒன்று வாங்கினேன். கை நிறைய இரும்பும் கண்ணாடியும். யாராவது வம்புக்கு வந்தால் அதைக் கொண்டே மண்டையை உடைக்கலாம்.

மாட்டியதும் கேமரா, ‘லென்ஸ் பொருத்தப்படவில்லை’ என்றது. எதிரில் அரைக் கிலோ லென்ஸ் உட்கார்ந்திருக்கிறது, இல்லவே இல்லை என்று சாதிக்கிறது. தாரணியிடம் போனில் கேட்டால் சிரிக்கிறாள். “அதுக்குப் பழைய லென்ஸ் கண்ணுக்குத் தெரியாதுங்ப்பா. மெனுவுல போயி, லென்ஸ் இல்லாட்டியும் எடுன்னு சொல்லுங்க.” சொன்னேன், எடுத்தது.

அந்த லென்ஸ் கேமராவிடம் ஒரு வார்த்தை பேசாது. எந்த அப்பர்ச்சரில், அதாவது லென்ஸின் துவாரத்தை எவ்வளவு திறந்து வைத்து எடுத்தோம் என்பதும் படத்தில் பதியாது. நாம்தான் எழுதிவைக்க வேண்டும். டைரி வந்த கதை இதுதான்.

ஜனவரி 10, வெள்ளி

அப்பர்ச்சர் 2. முருங்கைமரம். பின்னால் இலையெல்லாம் சுழல்கிறது, மரத்துக்கே மயக்கம் வந்த மாதிரி. அழகு.

ஃபோகஸ் நாமே கையால் திருக வேண்டும். எது தெளிவாக இருக்கிறதோ அதன் ஓரத்தில் கேமரா சிவப்பாகக் கோடு காட்டும். நான் அதற்குச் சிவப்பெறும்பு என்று பெயர் வைத்திருக்கிறேன். லென்ஸைத் திருகத் திருக எறும்புகள் தரையிலிருந்து கிளம்பி, செடியில் ஏறி, ஆளின் மூக்குக்கு வரும். கண் இமைக்கு வந்ததும் அமுக்க வேண்டும்.

காலை ட்ரிப்பில் வாய்க்கால் பாலம் ஸ்டாப்பில் தன்ஷிகாவை ஒன்று எடுத்தேன். யுகேஜி. பாலத்தை ஒட்டி வெள்ளையடித்த கல் ஒன்று உண்டு. வேன் வரும்வரை அதன்மேல்தான் நிற்பாள், இறங்கினால் அவுட். அவளே போட்ட சட்டம். கதவு அவளுக்கு நேராக வந்து நிற்க வேண்டும். ஓரடி தள்ளி நிறுத்திவிட்டால், “அங்கிள், பின்னாடி வாங்க” என்று கையை ஆட்டுவாள். நானும் ரிவர்ஸ் எடுப்பேன். வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பாப்பாத்தி தலையில் அடித்துக்கொள்ளும்.

மதியம் படத்தை என் வீட்டுக்காரி சிவகாமியிடம் காட்டினேன்.

“ஏனுங்க, காது நல்லா தெரியுது. மூஞ்சியக் காணோம்.”

“அது ஆர்ட் புள்ள.”

“அப்ப அவங்க அம்மாகிட்ட காதை மட்டும் வெட்டிக் குடுத்துருங்க.”

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

பொங்கல் பானை, அப்பர்ச்சர் 2.8. பானை மங்கல். பின்னால் காயப்போட்டிருந்த என் பனியன் பளிச்சென்று வந்திருக்கிறது, ஓட்டை உட்பட.

கேமராவில் கண் வைத்துப் பார்க்கிற குழி வழியே பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரு சொட்டுப் பால் கலந்த மாதிரி இருக்கிறது. வெயிலைப் பார்த்துப் பிடித்தால் முழு டம்ளர் பால். குழிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம் உண்டு, பார்ப்பவர் கண்ணுக்கு ஏற்ற மாதிரி வைத்துக்கொள்ள. அதைக் கடைசி வரைக்கும் திருகியாயிற்று.

பழைய லென்ஸில் உள்ளே பூஞ்சை பிடிக்கும், எண்ணெய் ஆவி படியும் என்று யூடியூப்பில் சொல்கிறார்கள். சரிதான், என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஜனவரி 18, சனி

லென்ஸின் பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கமாகப் பார்க்க வேண்டுமாம். பார்த்தேன். வெளிச்சத்தைச் சுற்றிப் பெரிய புகை வட்டம். சிவகாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“சுத்தமாத்தான இருக்குது. துடைச்சு வெச்ச டம்ளராட்டம்.”

“நல்லாப் பாரு. புகை தெரியல?”

“ஒரு புகையுமில்லீங்க.”

இதற்கெல்லாம் பழகிய கண் வேண்டும். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

ஜனவரி 20, திங்கள்

பழைய லென்ஸ் ஆட்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. சேலம், கரூர், திருப்பூர் என்று நிறையப் பேர். அதில் குரல் பதிவு போட்டேன். ‘ஈரோடு இர்ஃபான் எனக்குப் புகை பிடித்த லென்ஸை நல்லது என்று கொடுத்துவிட்டார், நண்பர்கள் உஷாராக இருக்கவும்’ என்று. பேசும்போது என் குரலே எனக்குப் பிடித்திருந்தது. பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி ஒரு கனம்.

மத்தியானத்துக்குள் குழு பற்றிக்கொண்டது. சேலத்துக்காரர் ஒருவர், இர்ஃபானிடம் தான் கேட்டு வைத்திருந்த லென்ஸே வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார். இர்ஃபான் ஒரே வரிதான் எழுதினார்: ‘அண்ணா, நேர்ல வரேன்.’

அப்பர்ச்சர் எதுவும் இல்லை. இன்று படமே எடுக்கவில்லை.

ஜனவரி 23, வியாழன்

வந்துவிட்டார். ஈரோட்டிலிருந்து எங்கள் கோபிக்கு பைக்கில். லென்ஸை வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எனக்குத் தெளிவாத்தான் தெரியுதுங்ண்ணா.”

“விக்கறவங்களுக்கு எல்லாம் தெளிவாத்தான் தெரியும் தம்பி.”

சிவகாமி உள்ளேயிருந்து ஒரு பார்வை பார்த்தாள். இர்ஃபான் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். பையிலிருந்து ஜப்பான் லென்ஸ் ஒன்றை எடுத்து வைத்தார். “இதை வெச்சுக்கோங்க. அதக் குடுத்துருங்க. உங்களுக்கு மனசு சரியில்லாம ஒரு பொருள் உங்க வீட்டுல இருக்க வேண்டாம்.” டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

புது லென்ஸில் சிவகாமியை எடுத்தேன். அப்பர்ச்சர் 1.8. பால் போகவில்லை. இரண்டாவது தடவையும் ஏமாற்றிவிட்டுப் போயிருக்கிறார். சிவகாமியிடம் இதைச் சொல்லவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

பாப்பாத்திக்கு வாய் அதிகமாகிவிட்டது. முன்பெல்லாம் பின் சீட்டில் உட்கார்ந்து பிள்ளைகளின் டிபன் பாக்ஸை ஆராய்ச்சி செய்யும். இப்போது என் பக்கத்தில், முன்னால் வந்து நின்றுகொள்கிறது. நின்றுகொண்டு ஓயாத பேச்சு. “அண்ணா, வேகத்தடை வருது.” “அண்ணா, கரும்பு லாரி நிக்குது பாருங்க.” “அண்ணா, சைக்கிள்ல பெரியவரு.”

“ரேடியோ எதுக்கு பாப்பாத்தி, நீ போதும்” என்றேன்.

சிரித்தது. பிறகு, “அண்ணா, பாலம் வந்துருச்சு, மெதுவா” என்றது. எனக்குத் தெரியாதா? இந்த ரோட்டில் தாரணி பிறப்பதற்கு முன்பிருந்து ஓட்டுகிறேன்.

காலையில் சூரியன் நேர் எதிரில். சாயங்காலம் வருகிற வண்டியெல்லாம் புது மாதிரி வெள்ளை விளக்கு போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றும் கோயில் தேர் மாதிரி ஒளிவட்டத்தோடு வருகிறது. ஆர்டிஓ என்னதான் செய்கிறார்களோ.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஒருவர் புகை பிடித்ததைக் கொடுத்தால் நாம் துடைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று ஜப்பான் லென்ஸைப் பிரித்தேன். யூடியூப்பில் அந்த ஆள் கொட்டாவி விட்டுக்கொண்டே பிரிக்கிறான். நான் மூன்றாவது ஸ்க்ரூவுக்கு வரும்போது உள்ளேயிருந்து கடுகளவு இரும்புக் குண்டு ஒன்று துள்ளி, உருண்டு, கிரைண்டர் அடியில் போய்விட்டது. அப்பர்ச்சர் திருகும்போது ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வருமே, அது அந்தக் குண்டு போடுகிற சத்தம்தானாம். கிரைண்டரை நகர்த்தித் தேடினோம். போன வருஷம் தொலைந்த சிவகாமியின் தோட்டுத் திருகாணி கிடைத்தது. குண்டு கிடைக்கவில்லை.

“மாவாட்டும்போது கிடைக்கும். இட்லியில வந்தா சொல்றேன்” என்றாள்.

கண்ணாடியையெல்லாம் துடைத்து மறுபடி பூட்டினேன். இப்போது சத்தமில்லாத லென்ஸ். பால் அப்படியேதான் இருக்கிறது.

பிப்ரவரி 4, செவ்வாய்

பாப்பாத்தி நாளைக்கு லீவு. அக்கா பேத்திக்குக் காது குத்து. “ஒரு நாளைக்கு வேற யாரையாச்சும் கூட்டிக்கோங்கண்ணா. உங்க வீட்டு அக்காவையாச்சும்” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனது.

சிவகாமியா? அவள் வந்தால் வேனை அவள்தான் ஓட்டுவாள், ஸ்டியரிங் மட்டும் என் கையில் இருக்கும். வேண்டாம் என்றேன்.

பிப்ரவரி 5, புதன்

எழுத ஒன்றுமில்லை. தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்க வேண்டும். நீல நிறம், மூடியில் முயல் படம்.

பிப்ரவரி 6, வியாழன்

கோபியில் மூன்று கடை ஏறினேன். முயல் போட்ட பாட்டில் இல்லை. யானை போட்டதுதான் இருந்தது. நீலம் சரியாக அமைந்தது.

தன்ஷிகா வாங்கிக்கொண்டாள். முழங்காலில் பிளாஸ்திரி. ஏறும்போது என்னைப் பார்த்து, “சாரி அங்கிள்” என்றாள்.

பாப்பாத்தி என்ன நடந்தது என்று கேட்கவில்லை. பிளாஸ்திரியைப் பார்த்தது, வேனின் இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்தது. கண்ணாடி லேசாக உள்பக்கம் மடங்கியிருக்கிறது. நேராக்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 8, சனி

சிவகாமி கேட்டாள், ஏன் கேமராவைத் தொடவில்லை என்று. பேட்டரி இல்லை என்றேன். பேட்டரி சார்ஜரில் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது, அவள் கண் முன்னாலேயே.

சரி, எழுதித் தொலைக்கிறேன். புதன்கிழமை காலை. பாலத்தருகே சூரியன் அடித்த அடியில் எல்லாமே வெள்ளை. இன்னும் பத்தடி இருக்கிறது என்று நினைத்துத்தான் பிரேக்கில் கால் வைத்தேன். ‘டப்’ என்று ஒரு சத்தம். இறங்கி ஓடினேன். குழந்தை கீழே கிடந்தாள். பக்கக் கண்ணாடி அவள் தோளில் மாட்டியிருந்த பாட்டிலைத் தட்டி, வார் இழுத்து விழுந்திருக்கிறாள். முழங்கால் சிராய்ப்பு. பாட்டில் நசுங்கிப் பின் சக்கரத்துக்கு அடியில் இருந்தது.

அவள் அம்மா கோகிலா பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்தவள் ஓடிவந்தாள். “என்னாச்சுங்கண்ணா?”

நான் சொன்னேன்: “பாப்பா குறுக்க வந்துட்டாங்க.”

எப்படி வந்தது அந்த வார்த்தை என்று தெரியவில்லை. அதுவாகவே வந்துவிட்டது. கோகிலா குழந்தையைத் தூக்கி நிறுத்தி முதுகில் ஒன்று வைத்தாள். “எத்தன தடவ சொல்லீருக்கேன், ரோட்டுக்குப் போகாதீன்னு.” குழந்தை அழவில்லை. கீழே பார்த்தாள், தன் கால் எங்கே இருக்கிறது என்று பார்க்கிற மாதிரி. பிறகு என்னைப் பார்த்தாள்.

பெரிய அடி இல்லை. அதுவரைக்கும் நல்லது. குழந்தைகள் மறந்துவிடும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம், பள்ளிக்கூடம் லீவு. குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். கூட்டம். சாமி மங்கலாகத் தெரிந்தது. சூடத்தின் புகை.

பிப்ரவரி 12, புதன்

தன்ஷிகாவை ஒரு படம் எடுத்து, ஃபிரேம் போட்டுக் கொடுக்கலாம் என்று யோசனை. கோகிலாவுக்கும் சந்தோஷமாக இருக்கும். பாட்டிலோடு நிற்கச் சொன்னேன். கல்லின் மேல் ஏறு கண்ணு என்றேன். ஏறவில்லை. பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள். சரி, அங்கேயே எடுத்தேன். சிவப்பெறும்பு நிறையத் தெரிந்தது. அமுக்கினேன். அப்பர்ச்சர் 2.

வீட்டில் பார்த்துவிட்டுச் சிவகாமி சொன்னாள்: “சுவத்துல சிமெண்டு விளம்பரம் எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். புள்ளதான் கரைஞ்சு போயிருக்கா.”

இந்தத் தடவை ஆர்ட் என்று சொல்ல வாய் வரவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

நேற்று தாரணி வந்தாள். இன்று காலை காப்பியோடு வாசலில் உட்கார்ந்து கேமராவைக் கையில் எடுத்தாள். குழியில் கண்ணை வைத்ததும் முகத்தைச் சுளித்தாள்.

“என்னங்ப்பா, சக்கரத்தை இப்படி மூலைக்குக் கொண்டு போயி வெச்சிருக்கீங்க? எனக்கு ஒண்ணுமே தெரியல.” நடுவுக்குத் திருப்பிவிட்டுப் பார்த்தாள். முருங்கைமரத்தைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், சூரியனைப் பார்த்தும் பிடித்தாள். “லென்ஸ் கிளியரா இருக்குதே. இதுலயா பாலு?”

“அந்தத் தம்பி ரெண்டாவதும் ஏமாத்தீட்டாரு.”

நான் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். “படத்துல எங்கயுமே பால் இல்லீங்ப்பா. ஃபோகஸ்தான் தப்பி இருக்குது. காது, பனியன், சுவரு… எதுலயும் புகையில்ல.” கேமராவை என் பக்கம் நீட்டினாள். “இங்க வாங்க. எந்தக் கண்ணுல பாக்கறீங்க?”

“வலதுலதான்.”

“இடதுல பாருங்க.”

பார்த்தேன்.

முருங்கைமரம் இருந்தது. இலை இலையாக இருந்தது. ஒரு காய் நுனியில் சிலந்தி நூல் ஆடியது.

“இப்ப பாலு இருக்குதா?”

நான் கேமராவை இறக்கவில்லை. இறக்கினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். உள்ளேயிருந்து சிவகாமி தோசைக்கரண்டியோடு வந்து நின்றது தெரிந்தது. தாரணிதான் கேட்டாள், மெதுவாக: “இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டாங்ப்பா வேன் ஓட்டறீங்க?”

தோசை கருகிய வாசனை வந்தது. எல்லோரும் அதற்கு நன்றி சொல்கிற மாதிரி உள்ளே ஓடினோம்.

பிப்ரவரி 17, திங்கள்

வேன் எடுக்கவில்லை. கவுந்தப்பாடி துரைராஜைக் கூப்பிட்டு ஓட்டச் சொன்னேன். ஸ்பேர் டிரைவர், நல்ல மனுஷன், கண் நல்ல கண். பாப்பாத்தி சாவி வாங்க வீட்டுக்கு வந்தது.

“உனக்குத் தெரியுமா பாப்பாத்தி?”

தலையைக் குனிந்துகொண்டது. “தீபாவளிக்கு முன்னாடியே தெரியுமுங்ண்ணா. சொன்னா வண்டிய நிறுத்திருவீங்க. எனக்கும் வேல போயிரும். அதான் நானே பாத்துச் சொல்லிக்கலாம்னு…” முந்தானையால் முகத்தைத் துடைத்தது. “அன்னைக்குக் காது குத்துக்குப் போயிருக்கக் கூடாது.”

போகாமல் எப்படி இருக்க முடியும்? அந்தக் காதுக்கும் என் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

பத்து மணிக்குக் கோகிலா வீட்டுக்குப் போனேன். சிவகாமி கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். தாரணி, “உண்மைய அப்படியே சொல்லுங்ப்பா, ஜோக் அடிக்காதீங்க” என்று சொல்லி அனுப்பினாள். என்னை அவளுக்கு நன்றாகத் தெரியும். வழியெல்லாம் இரண்டு ஜோக் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

கோகிலா மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தலையில் பாதிச் சடை. “வாங்கண்ணா. இன்னைக்கு வேற டிரைவரு வந்தாரு, உடம்பு சரியில்லீங்களா?”

“கண்ணு சரியில்லம்மா.” அப்புறம் நிறுத்தாமல் சொல்லிவிட்டேன். “அன்னைக்குப் பாப்பா குறுக்க வரலீங்க. அந்தக் கல்லு மேலயேதான் நின்னா. எனக்குத்தான் தெரியல. பொய் சொல்லீட்டேன்.”

சடையில் இருந்த கை அப்படியே நின்றது.

“நான் அவள அடிச்சனே.”

“பாத்தம்மா.”

“நின்னு பாத்தீங்க.”

“ஆமாங்.”

“கண்ணு தெரியலைன்னு சொல்றீங்க. அது மட்டும் நல்லாத் தெரிஞ்சுதா?”

அவள் சடையை முடித்தாள். கதவைப் பூட்டினாள். “எனக்கு மில்லு வண்டி வந்துரும்” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தாள். “டாக்டர்கிட்டப் போனீங்களா?” என்று கேட்டாள். நாளைக்குப் போகிறேன் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். அவள் திட்டியிருந்தால் என் சாப்பாடு இன்று இறங்கியிருக்கும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஈரோட்டில் கண் ஆஸ்பத்திரி. தாரணி லீவு போட்டுக் கூட வந்தாள். டாக்டரம்மாவுக்கு அவள் வயதுதான் இருக்கும். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, உட்காரவைத்து, வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நான் லென்ஸுக்கு டார்ச் அடித்த மாதிரியேதான். ஆனால் இவருக்குப் புகை நிஜமாகவே தெரிந்தது.

“வலது கண்ணுல புரை நல்லா முத்திருச்சுங்க. இடதுலயும் ஆரம்பிச்சிருக்கு. சுகர் இருக்குதில்ல? என்ன வேலை பண்றீங்க?”

தாரணி என்னைப் பார்த்தாள். “ஸ்கூல் வேன் ஓட்டறேன்” என்றேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அவருக்கும் ஒரு குழந்தை எங்கேயோ ஒரு வேனில் போகிறதோ என்னவோ.

கண்ணுக்குள் இருக்கிற பழைய லென்ஸை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைப்பார்களாம். புதுக் கேமரா பாடியில் பழைய லென்ஸ் மாட்டியவனுக்குப் பழைய பாடியில் புது லென்ஸ். இந்த ஜோக்கைத் தாரணியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, ஆனால் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் இர்ஃபான் கடையில் நிறுத்தச் சொன்னேன். மொபைல் கவர்களுக்கு நடுவில், கண்ணாடிப் பெட்டியில், என் ரஷ்ய லென்ஸ் தூங்கிக்கொண்டிருந்தது.

“விக்கலியா தம்பி?”

“நீங்க குழுவுல பேசுனதுக்கப்பறம் யாரு வாங்குவா? சேலத்துக்காரர் என் நம்பரையே பிளாக் பண்ணீட்டாருங்ண்ணா.”

அங்கேயே நின்று குழுவில் இன்னொரு குரல் பதிவு போட்டேன். ‘லென்ஸ் சுத்தமான லென்ஸ். புகை என் கண்ணில். இர்ஃபான் தம்பியிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.’ இந்தத் தடவை குரலில் கனம் எதுவும் இல்லை, கீச்சென்று வந்தது. இர்ஃபான் கேட்டுவிட்டு, “இனி வாங்க வர்றவங்களுக்கு மொதல்ல கண் டெஸ்ட் பண்ணோணும் போல” என்றார். நான் பையில் கொண்டுபோயிருந்த ஜப்பான் லென்ஸை வாங்கித் திருகிப் பார்த்தார். “சத்தத்தக் காணோமே?”

குண்டின் கதையைச் சொன்னேன். இந்தத் தடவை டீ சொல்லிவிட்டார். ரஷ்ய லென்ஸை மறுபடி வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. கறுப்புக் கண்ணாடி. சிவகாமி சொல்லச் சொல்லத் தாரணி எழுதுகிறாள்: அப்பா சொட்டு மருந்து போட விட மாட்டேன்கிறார், கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார், யுகேஜி பிள்ளைகள் தேவலை. (இது அம்மா சொன்னது. நானும் ஆமோதிக்கிறேன். தாரணி.)

மார்ச் 3, திங்கள்

கட்டில், சுவர், காலண்டர். காலண்டரில் இராகு காலம் படுத்த இடத்திலிருந்தே தெரிகிறது. சிவகாமிக்கு இவ்வளவு நரை எப்போது வந்தது? கேட்டேன். “உங்களுக்குத்தான் இப்ப வந்துது” என்றாள்.

துரைராஜ் வேனைத் தொடர்ந்து ஓட்டட்டும் என்று முடிவு. இடது கண்ணும் சரியாகி, டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு யோசிக்கலாம். யோசிக்கவும் பயமாக இருக்கிறது. தன்ஷிகா இன்னும் அதே வேனில்தான் வருகிறாளாம், பாப்பாத்தி சொன்னது. கோகிலா நிறுத்தவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது.

மார்ச் 17, திங்கள்

டாக்டர் வெளியே போகலாம் என்றதும் கேமராவை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பாலத்துக்கு நடந்தேன். காலை வேளை, வேன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால். ரஷ்ய லென்ஸ். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை ஓரமாக நின்றேன்.

கோகிலா குழந்தையைக் கொண்டுவந்து விட்டாள். என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

கண்ணை வைத்தேன், வலது கண்ணை. பால் இல்லை. திருகினேன். எறும்புகள் ரோட்டிலிருந்து கிளம்பின. வெள்ளைக் கல்லில் ஏறின. கல் காலியாக இருந்தது. இன்னும் திருகினேன். பின்னால் சுவர் வந்தது, சிமெண்டு விளம்பரம் வந்தது, கொஞ்சம் திரும்பி வந்தேன். நீல பாட்டில். யானை. பிடித்திருந்த கை. பிறகு முகம். இமையில் சிவப்பெறும்பு வரிசையாக வந்து நின்றது. என் வாழ்க்கையில் இவ்வளவு சரியாக ஃபோகஸ் வைத்ததில்லை.

அப்போது வேன் சத்தம் கேட்டது. வேன் இன்னும் தூரத்தில்தான். பிள்ளை முதுகைச் சுவரோடு ஒட்டினாள். தோளைச் சுருக்கினாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அப்படியே நின்றாள், வண்டி வந்து நின்று கதவு திறக்கிறவரைக்கும்.

முன்பு கையை ஆட்டி என்னை ரிவர்ஸ் எடுக்க வைத்த பிள்ளை.

எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அமுக்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

இன்று கேமரா கொண்டுபோகவில்லை. முன்னதாகவே போய்விட்டேன். கோகிலாவிடம், “நான் இங்க நிக்கட்டுங்களா?” என்று கேட்டேன். “ரோடு எல்லாருக்கும் பொதுதானுங்க” என்றாள்.

தன்ஷிகா சுவரோரம் நின்றாள். நான் வெள்ளைக் கல்லுக்கு முன்னால், ரோட்டுப் பக்கமாக நின்றுகொண்டேன். வேன் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தாள். பிறகு ஒரு கண்ணை மட்டும் கொஞ்சமாகத் திறந்து, நான் இன்னும் அங்கேயே நிற்கிறேனா என்று பார்த்தாள்.

நின்றேன். நாளைக்கும் போக வேண்டும்.